தொட்டிக்குள் இறங்கிய குரல்

ஒரு பெண்ணின் குரல், மேடைக்கு எண்ணூறு. இரண்டு டீ, போக வர வண்டி, பாதியில் தொண்டை கட்டிக்கொண்டால் அரைச் சம்பளம். கடவுள் கொடுத்த கொடை, விலைமதிப்பே கிடையாது என்றெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். திரை இறங்கிக் கணக்குத் தீர்க்கும்போது எண்ணூறுதான்.

அந்த எண்ணூறுக்குச் சொந்தக்காரியைப் பாட்டுக் குழுவில் எல்லாரும் 'விசில்' என்று கூப்பிட்டார்கள். மெல்லிசான, உச்சிக்கு ஏறும் குரல். குழந்தைப் பாட்டு, கேலிப் பாட்டு என்றால் அவளைத் தேடுவார்கள். மனசைப் பிசைகிற பாட்டு எது வந்தாலும் இன்னொருத்திக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கக் குரலைக் கீழே இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இறங்கவில்லை. ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் பாட்டுக்குப் பதில் காற்றுதான் வந்தது.

கடைசியில் தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"குரல் நாண்ல ரெண்டு பக்கமும் அரிசி மாதிரி முடிச்சு இருக்கும்மா. இத்தனை வருஷமும் கழுத்தாலயே பாடியிருக்கீங்க. இனிமே மூச்சை வயித்துலேர்ந்து எடுங்க. தொண்டையை இறுக்காம, உங்க சொந்தக் குரல்ல பாடப் பழகுங்க. இல்லேன்னா பாட்டு மட்டும் இல்ல, பேச்சும் போயிடும்."

"என் சொந்தக் குரல் எதுன்னே எனக்குத் தெரியாதே டாக்டர்."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வாரம்தான் அவர்கள் வீடு மாறினார்கள். அவள் புருஷன் எண்ணெய் வியாபாரி. முன்னால் கடை, நடுவில் கிடங்கு, மாடியில் இரண்டு அறை என்று ஒரு பழைய கட்டடம் வாடகைக்கு வந்தது. கிடங்கின் நடுவில், தரைக்கு அடியில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. ஒரு காலத்தில் எண்ணெய் ஊற்றி வைத்தது. வட்டமான மூடி, உள்ளே இறங்கச் சுவரோடு பற்றவைத்த கம்பிப் படிகள், அதற்குக் கீழே இருட்டு. மூடியைத் தூக்கினால் பல வருடத்துச் சிக்கு வாடை எழுந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது.

"தொட்டி இருக்கறதாலதான் வாடகை குறைச்சல்," என்றார் தரகர்.

"தொட்டி இருந்தா கூடல்ல கேக்கணும்? குறைக்கிறீங்கன்னா என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்லீங்க. முன்னாடி இருந்தவங்க அதை மூடியே வச்சிருந்தாங்க, அவ்வளவுதான்."

எண்ணெய்க்காரன் மேற்கொண்டு கேட்கவில்லை. என்னமோ இருக்கிறது என்றால் இன்னும் குறைக்கலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஒரு தொகையைச் சொன்னான். தரகர் நெஞ்சில் கை வைத்தார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

அவன் வளர்ந்த கடைத்தெருவில் அதற்கு ஒரு முறை உண்டு. விலையைச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நடக்க வேண்டும். விற்கிறவன் கூப்பிடாவிட்டால் வியாபாரம் இல்லை. கூப்பிட்டு, நீ திரும்பிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு பேருமே வாயைத் திறக்கக் கூடாது. தகப்பன் பிள்ளைக்குள்ளும் அதே சட்டம்தான்.

தெருமுனையில் தரகர் கூப்பிட்டார். இவன் திரும்பினான்.

மாடி அறையில் அவள் பயிற்சியை ஆரம்பித்தாள். பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். வயிற்றின் மேல் அவன் கடையிலிருந்து ஒரு எடைக்கல்லைக் கொண்டுவந்து வைப்பான். மூச்சை இழுத்தால் கல் ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும், தோள் அசையக் கூடாது.

"ரெண்டு கிலோ வச்சிருக்கேன். குறையாம மூச்சு விடு."

"உங்க கடைக் கல்லுதானே? ஒண்ணே முக்காதான் இருக்கும்."

"மெதுவாச் சொல்லு. கீழ வாடிக்கையாளர் இருக்காங்க."

அவள் சிரித்ததில் கல் உருண்டு விழுந்தது. அந்த வீட்டில் அவர்கள் அப்படிச் சிரித்தது அதுவே கடைசி.

மறுநாள் பாட்டுக் குழுவின் தலைவர் வந்தார். மாசக் கடைசியில் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. ஒலிப்பதிவு நிறுவனத்துக்காரர்கள் வருகிறார்கள். மூன்று பாட்டு, மூன்றும் அடிக்குரலில்.

"முடியுமான்னு இப்பவே சொல்லிடும்மா. முடியலேன்னா நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். வேற ஆளைப் பாடவச்சுட்டு உன்னை வாசல்ல டிக்கெட் கிழிக்க வச்சுக்கறேன். விசில் அடிச்சு வரிசையா நிக்கவும் வைக்கலாம்."

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதால் தொண்டை இறுகும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அவள் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இந்தப் பாட்டு போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க," என்றாள். "ஒரே ஒரு தடவை. கனமா, என்னோட குரல்ல. அப்புறம் பேச்சே போனாலும் போகட்டும்."

மதியம் கடை ஷட்டரை இறக்கியதும் கிடங்கு முழுக்க இருட்டிவிடும். தெருச் சத்தம் இருக்காது என்று அவள் அங்கே உலாத்திக்கொண்டே, உதட்டை மூடி 'ம்' என்று இழுத்துப் பழகுவாள். ஒரு மதியம் தொட்டி மூடிக்கு மேல் கால் வைத்தபோது, பாதத்துக்கு அடியில் இரும்பும் 'ம்' என்றது.

அவள் குனிந்து மூடியைத் தள்ளினாள். வாடை எழுந்தது. விளிம்பில் முட்டி போட்டு, தாடையைத் தளரவிட்டு, பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு 'ஆ' விட்டாள்.

தொட்டி அதைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஸ்வரம்தான். ஆனால் காய்ச்சின பாகு மாதிரி, அடர்த்தியாக, வெதுவெதுப்பாக வந்தது.

கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவனைக் கத்திக் கூப்பிட்டாள்.

"கேட்டீங்களா? அது என் குரலாங்க?"

"உன் குரல்தான். இரும்புத் தொட்டி, காலி. எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும்," என்றான். சொல்லிவிட்டுத் தானும் குனிந்து ஒரு 'ஆ' போட்டுப் பார்த்தான்.

தொட்டி திருப்பித் தரவில்லை.

அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் குரலுக்கு அதுவே ஜாஸ்தி என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

தினமும் மதியம் அவள் தொட்டி வாயில் போய் உட்கார்ந்தாள். அவள் ஒரு ஸ்வரம் விடுவாள். தொட்டி கொஞ்சம் தாழ்த்தித் திருப்பும். அவள் அதற்கு ஒத்து இறங்குவாள். தேர்ந்த வியாபாரி மாதிரி, அவள் ஒரு படி இறங்கினால் அது இன்னும் இரண்டு படி தள்ளி நின்று கூப்பிட்டது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. தொண்டை வலிக்கவில்லை. அடிக்குரல் வரிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

கடைப் பக்கம் எண்ணெய் அளந்துகொண்டிருந்தவனுக்குச் சுவர் வழியாக இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே. முதலில் மேலே இருப்பது பாடும், பிறகு கீழே இருப்பது.

ஒருநாள் கீழே இருப்பது முதலில் பாடியது.

அவன் கையில் இருந்த அளவைக் குவளை நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. வியாபாரிக்கு எண்ணெய் வழிவது தெரியாமல் போனால் அவன் எந்த நிலையில் இருந்தான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் மாடியில் அவளைப் பாடச் சொன்னான். அவள் பாயில் படுத்தாள். வயிற்றில் கல். அவள் பாடினாள். எந்தக் குழுவிலும் அவன் கேட்டிராத குரல். இருட்டான வீட்டில் யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக வருகிற மாதிரி இருந்தது. அவன் கண் கலங்கியது.

அப்புறம்தான் கல்லைப் பார்த்தான்.

கல் அசையவில்லை.

"எழுந்து உக்காரு," என்றான். பின்னால் போய் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தான். அடிக்குரலில் பாடினால் நெஞ்சுக்கூடு அதிரும், கை வைத்தால் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இப்பப் பாடு."

அவள் பாடினாள். முதுகு சும்மா இருந்தது. சுவரைத் தொட்டது போல், சில்லென்று, சும்மா இருந்தது.

அதிர்ந்தது அவன் உள்ளங்கால்.

மாடித் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. சுவரும் அதிர்ந்தது. கீழே, கிடங்கில், மூடிய மூடிக்கு அடியில் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. இங்கே இவள் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா," என்றான். "இது உன் குரல் இல்ல. போதும், விட்டுடு."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வானோ என்ற பயம்.

"யாரோடதா இருந்தா என்னங்க," என்று கிசுகிசுத்தாள். "என் வாய் வழியாத்தானே வருது."

மறுநாள் காலையிலேயே அவன் மூடிக்கு மேல் இரண்டு எண்ணெய் டின்களை நகர்த்தி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனான். மதியம் திரும்பி வந்து பார்த்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தான்.

டின்கள் ஓரமாக இருந்தன. மூடி திறந்திருந்தது. விளிம்பில் அவள் செருப்பு, இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி.

கீழே இரண்டு குரல்கள் பாடிக்கொண்டிருந்தன.

அவன் விளிம்புக்கு ஓடி வருவதற்குள் அது ஒரே குரலாகியிருந்தது.

"ஏய்! மேல வா! எங்க இருக்கே?" டார்ச்சை அடித்தான். வெளிச்சம் சுவரில் கொஞ்ச தூரம் வழிந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே அடி தெரியவில்லை.

"நான் வரலைங்க." அவள்தான். வெகு தூரத்திலிருந்து. "மேல வந்தா மறுபடியும் விசில்தான். இங்கயே இருந்துடறேன்."

"உனக்குப் பைத்தியமா? பாட்டு இல்லேன்னா செத்தா போயிடுவோம்? நான் இல்லையா? வாம்மா. கையைக் குடு, நான் இறங்கறேன்."

கம்பிப் படியில் காலை வைத்தான். படி உதறியது, மாடு ஈயை உதறுவது போல. அவன் தரையில் வந்து விழுந்தான்.

அப்போது அது பேசியது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அவள் ஆசைப்பட்ட அந்தக் குரல்தான் அது.

"கேட்டதைக் கொடுத்தேன். எனக்கு ஒரு ஆள்."

"என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ. கடையை எடுத்துக்கோ. அவளை விட்டுடு, உன் கால்ல விழறேன்."

"ஒரு ஆள். முழுசா."

"பாதி," என்றான்.

யோசித்துச் சொன்னதல்ல. முடிவெட்டுகிறவரிடமும், டாக்டரிடமும், பெண் பார்த்தபோது மாமனாரிடமும் சொன்ன அதே சொல். யார் எதைக் கேட்டாலும் அவன் வாய் தானாகச் சொல்லும் பதில். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

கீழே சத்தம் நின்றது.

அந்த மௌனத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான். வாழ்க்கை முழுக்கக் கேட்ட மௌனம். எதிராளி கணக்குப் போடுகிற மௌனம். இது பேரத்துக்கு வருகிறது.

அவன் எழுந்தான். தொட்டிக்கு முதுகைக் காட்டினான். நடந்தான்.

பெண்டாட்டியைக் குழிக்குள் விட்டுவிட்டு நடந்தான். ஓடிப்போய் உள்ளே குதித்துவிடு என்றது மனசு. திரும்பினால் போச்சு, நட என்றது ரத்தம். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஷட்டர் அருகில் வந்துவிட்டான். கூப்பிடாவிட்டால் வியாபாரம் இல்லை. கூப்பிடாவிட்டால் அவள் இல்லை. சங்கிலியில் கை வைத்தான்.

"என்னங்க."

பழைய விசில் குரல். காதுக்குப் பின்னால், கழுத்து முடி அசைகிற அளவுக்குக் கிட்டத்தில்.

அவன் திரும்பினான்.

பின்னால் யாரும் இல்லை.

பிறகு கம்பிப் படிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. விளிம்பில் அவள் கை தெரிந்தது, தலை தெரிந்தது. அவன் பாய்ந்துபோய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். உடம்பெல்லாம் சிக்கு வாடை. அவளை அணைத்தபடியே முதுகில் உள்ளங்கையை வைத்தான்.

"பாடு. ஒரே ஒரு வரி."

அவள் பாடினாள். அதே அடர்த்தி, அதே வெதுவெதுப்பு. இந்த முறை அவள் முதுகு அதிர்ந்தது. அவன் கை வழியாக முழங்கை வரைக்கும் ஏறியது. தரை அசையாமல் கிடந்தது.

குரல் அவளுடையதாகிவிட்டது.

அவன் ஓவென்று அழுதான். அழுகைக்கு நடுவே பெருமையும் பொத்துக்கொண்டு வந்தது. "பாதிக்கு முடிச்சுட்டேன் தெரியுமா? முழு ஆள் கேட்டுச்சு. பாதிக்கு முடிச்சேன்!"

"எதுல பாதிங்க?"

சரக்கைப் பார்க்காமல் விலை பேசாதே என்பது கடையில் உட்காரும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. அவன் சரக்கைப் பார்க்கவில்லை.

மூடியைப் போட்டு, அதன் மேல் டின்களை இரண்டு அடுக்காக ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், பாடினாள். தொண்டை டாக்டர் மறுபடியும் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, முடிச்சைக் காணோம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாட்கள் போகப் போக அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: பாதி என்றால் பழைய குரலாக இருக்கும். விசில் போய்விட்டது அல்லவா, அதுதான் பாதி. போகட்டும்.

மாசக் கடைசி. பிற்பகல் நிகழ்ச்சி. அரங்கு நிறைந்திருந்தது. அவன் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், ஒலியைக் கவனிக்கும் ஆளோடு நின்றான்.

அவள் முதல் வரியைப் பாடினாள். அரங்கில் இருமலும் பேச்சும் நின்றன. குழுத் தலைவர் தாளம் போடுவதை மறந்து நின்றார். ஒலிப்பதிவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெய்க்காரனுக்கு நெஞ்சு விம்மியது.

ஒலி ஆள் மட்டும் முகம் சுளித்தார்.

"யாருய்யா அது மைக்ல மூச்சு இழுக்கறது?"

"பாடறவங்க மூச்சு விடத்தானே செய்வாங்க?"

"விடறது சரிங்க. இழுக்கறது எங்கேர்ந்து வருது? அவங்க மைக்கைத் தனியாக் கேட்டேன். அதுல இழுக்கற சத்தமே இல்ல."

எண்ணெய்க்காரன் கூர்ந்து கவனித்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், மெல்லிசாக, கூர்மையாக, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவள் தோள் அசையவில்லை. மூக்கு விரியவில்லை. வாய் திறந்தது, பாட்டு வந்தது, மூடியது. இழுக்கும் சத்தம் மேடைப் பலகைகளுக்கு அடியிலிருந்து வந்தது.

ஒலி ஆள் எல்லா மைக்கையும் ஒரு நொடி அணைத்துப் பார்த்தார்.

இழுக்கும் சத்தம் நிற்கவில்லை.

மூன்றாவது பாட்டு முடிந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் வணங்கிவிட்டு நேராக அவனிடம் வந்தாள், முகமெல்லாம் பூரிப்பாக.

"எப்படி இருந்துச்சு? நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான்."

அவன் விரலைக் கொண்டுபோய் அவள் மூக்குக்குக் கீழே வைத்தான். வெதுவெதுப்பான காற்று வெளியே வந்தது. நின்றது. மறுபடியும் வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை.

"என்னங்க? ஏன் இப்படிப் பாக்கறீங்க? ஏதாவது சொல்லுங்களேன்."

நல்லா இருந்துச்சு என்று சொல்லலாமென வாயைத் திறந்தான்.

மூச்சு உள்ளே போனது.

இன்னும் உள்ளே போனது. நெஞ்சு நிறைந்தது. சொல் வரவில்லை. உதட்டுக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தான். கையில் காற்றே படவில்லை. மறுபடியும் முயன்றான். மறுபடியும் உள்ளேதான் போனது.

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பேசுங்க! பயமா இருக்கு, பேசுங்க!" வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

அவர்கள் காலுக்குக் கீழே, பலகைக்கு அடியில், ஒன்று மெல்ல மூச்சை இழுத்தது, விசில் மாதிரி, அவளைப் போலவே. பிறகு நிதானமாக, லேசான செருமலோடு, அவனைப் போலவே விட்டது. இழுத்தது. விட்டது. கேட்ட விலை வந்து சேர்ந்த வியாபாரியின் மூச்சு அது.

பதில் வராத கணவனின் நெஞ்சில் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவன் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் அப்போதும் செய்தான். மனசுக்குள் கணக்குப் போட்டான்.

இறங்கியவளிடம் பாதி. திரும்பியவனிடம் பாதி. கூட்டினால் ஒரு முழு ஆள்.

பாக்கி இல்லை.